‘சீ’ என்று சொல்லாத ஊர்

சபாபதியின் இடது கால் பெருவிரலில் சுற்றியிருந்த துணியை எழிலரசி அவிழ்த்தபோது உள்ளே புழுக்கள் நெளிந்தன. ஒன்றிரண்டல்ல. சோற்றுப் பருக்கை போல வெள்ளை வெளேரென்று ஒரு கொத்து. கிராம சுகாதாரச் செவிலியாக இருபது வருடம் வேலை பார்த்தவள் அவள். ரத்தம், சீழ், மலம் எதுவும் அவளுக்குப் புதிதல்ல. ஆனாலும் அவிழ்த்த துணியை எட்டப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை நாளா இப்படி இருக்குங்கய்யா?”

“இருக்கும், ஒரு வாரம்” என்றார் சபாபதி, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். சர்க்கரை நோய் முற்றி அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சி போய் வருடக்கணக்காகிறது. மடியில் தயிர்சோற்றுத் தட்டு. ஒரு புழு உருண்டு தட்டின் விளிம்பில் விழுந்தது. அவர் அதைச் சுண்டிவிட்டு, அதே விரலால் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டார்.

எழிலரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிய பக்கம் சபாபதியின் மனைவி கோதை நின்றிருந்தாள், கையில் வெள்ளி டம்ளரோடு. டம்ளரில் காப்பி. கோதை அதில் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “சர்க்கரை பத்தும்னு நெனைக்கிறேன். குடி எழிலு, ஆறிடப் போவுது” என்று நீட்டினாள்.

எழிலரசிக்கு எதைப் பார்த்து முதலில் திகைப்பது என்று தெரியவில்லை.

அவள் காலனிக்காரி. கோதையோடு பத்தாம் வகுப்புவரை ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆனால் மேலத்தெருவில் இருக்கும் இந்த வீட்டுக்கு ஊசி போட வரும்போதெல்லாம் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குத்தான் போவாள். அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் குவளை வேலியில் கவிழ்த்திருக்கும். இன்றைக்குக் கோதை வாசலுக்கே வந்து உள்ளே கூப்பிட்டாள். கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தாள். இப்போது தன் எச்சில் பட்ட வெள்ளி டம்ளரை நீட்டுகிறாள்.

“என்ன பாக்குறே? புடி.”

எழிலரசி வாங்கிக் கீழே வைத்தாள். “கோதையம்மா, ஐயாவோட காலப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“புழு வச்சிருக்கு.”

“ஆமா” என்றாள் கோதை, மழை பெய்கிறது என்று சொன்னால் ஆமோதிப்பதைப் போல.

அல்லிமங்கலத்தில் எதற்கும் முகம் சுளிக்கத் தெரிந்தவள் ஒருத்தி உண்டென்றால் அது கோதைதான் என்று ஊரே சொல்லும். பால் லேசாகத் திரிந்தாலும் தெருக்கோடியிலிருந்து மோப்பம் பிடிப்பாள். அந்த மூக்குதான் போன வருடம் ஊரைக் காப்பாற்றியது.

ஊருக்கு அடியில், ஆற்று மண்ணுக்கும் களிமண்ணுக்கும் கீழே, நிலக்கரிப் படுகை ஓடுகிறது. கரிக்குள் வாயு அடைபட்டுக் கிடக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால், கரியை அழுத்திக்கொண்டிருக்கும் தண்ணீரை முதலில் இறைத்து வெளியே கொட்டியாக வேண்டும். கம்பெனி சோதனைக்கென்று ஒரே ஒரு கிணறு போட்டது. அதிலிருந்து வந்த தண்ணீர் மை போலக் கறுத்து, உப்புக் கரித்து, அழுகிய முட்டையாய் நாறியது. வாய்க்காலில் கலந்த மூன்றாம் நாள் கெண்டை மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. நாற்றங்கால் பழுத்துக் காய்ந்தது.

கலெக்டர் தலைமையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கம்பெனி ஆட்கள் படம் போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பதில் பேச ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. அப்போது கோதை எழுந்து போய் மேசையில் ஒரு தூக்குவாளியை வைத்தாள். “ஆளுக்கு ஒரு வாய் குடிங்க சார். நாங்க கையெழுத்துப் போடுறோம்” என்று மூடியைத் திறந்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரின் நாற்றம் எழுந்தது. கம்பெனியின் பெரிய அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். அதைப் பார்த்த கூட்டம் ஒரே குரலில் “சீ!” என்றது. அன்றைக்குக் கூட்டம் அதோடு கலைந்தது. அதன்பிறகு நாற்பத்தொரு நாள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எழிலரசியும் விடுப்புப் போட்டு உட்கார்ந்தாள். பந்தலிலும் மேலத்தெருவுக்குத் தனி வரிசை, காலனிக்குத் தனிச் சோற்றுப் பொட்டலம். அதை அப்போது யாரும் பேசவில்லை. வாயுக் குழாய் முதலில் தொலையட்டும் என்று காலனியும் பொறுத்துக்கொண்டது.

கம்பெனி பின்வாங்கியது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. இந்த முறை கையில் படம் இல்லை. கடைத்தெருவில் கண்ணாடிக் கூண்டு போல ஓர் இயந்திரத்தை நிறுத்தி, “ஊருக்கு எங்கள் அன்பளிப்பு. சத்துச் சேர்த்த சுத்தக் குடிநீர், எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்” என்றது. தண்ணீர் இளநீர் போல இனித்தது. மேலத்தெரு குடம் குடமாகப் பிடித்தது. காலனி ஆட்கள் அங்கே வந்து கை வைக்கக் கூடாதென்று வாய்ச்சொல்லாக ஒரு தடை. காலனிக்குப் பழைய அடிபம்பே போதும் என்றார்கள்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இரண்டாவது கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது.

எழிலரசி புழுக்களை எடுத்துப் புண்ணைக் கழுவிக் கட்டினாள். “இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். வெரல் கறுத்துப் போச்சு. வெஷம் ரத்தத்துல ஏறிட்டா உசுருக்கே ஆபத்து” என்றாள்.

“வலிக்கலையே” என்றார் சபாபதி.

“நாளைக்குப் பாக்கலாம்” என்றாள் கோதை. பிறகு அவள் கையைத் தொட்டு, “அதென்ன கோதையம்மா? கோதைன்னே கூப்புடேன். ஒண்ணாப் படிச்சவதானே” என்றாள்.

அந்தத் தொடுகை எழிலரசியின் கையில் வெகுநேரம் இருந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் அவள் கண்டவற்றை எல்லாம் சொன்னால் சாப்பாடு இறங்காது. டீக்கடையில் ஈ விழுந்த பாலை ஈயோடு ஆற்றிக் கொடுத்தார்கள். குடித்தார்கள். ஊசிப்போன குழம்பில் நுரை கட்டியிருந்தது, அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். சோதனைக் கிணற்றை மறுபடி ஓட்டியிருந்தார்கள். அந்தக் கறுப்புத் தண்ணீர் தேங்கிய குட்டையில் மேலத்தெரு ஆண்கள் இடுப்பளவு இறங்கி, செத்து மிதந்த மீன்களைக் கூடையில் அள்ளினார்கள்.

“செத்த மீனுங்க அது” என்றாள் எழிலரசி.

“மீனு செத்தாத்தானே திங்க முடியும்?” என்று சிரித்தார்கள்.

போராட்டக் குழுவைக் கூட்டச் சொல்லி அவள் கோதையிடம் கேட்டாள். “கெடுதல்தான். தெரியுது. வயல் போவும், தண்ணி போவும், எல்லாம் தெரியுது. ஆனா என்னமோ முன்ன மாதிரி மனசுல வரல எழிலு” என்றாள் கோதை. சொல்லும்போது அவளுக்கே அது புதிராக இருந்தது போலத் தெரிந்தது.

எழிலரசியின் தம்பி முகிலனுக்கோ இந்த நாட்கள் பொற்காலம். அவன் ஊரில் மின்வேலை செய்கிறவன். டீக்கடை பெஞ்சில் அவனை உட்காரச் சொன்னார்கள். கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தார்கள். மாரியம்மன் கோயிலுக்குள் காலனிப் பெண்கள் விளக்கேற்றப் போனார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. இயந்திரத்தில் காலனியும் பிடித்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வருடத் தேரில் காலனியும் வடம் பிடிக்கும் என்று கோயில் கமிட்டி கூடி முடிவெடுத்தது. வரவிருந்த இருபதாம் தேதி தேர். பதினெட்டாம் தேதி கருத்துக் கேட்பு.

“அவுங்க திருந்திட்டாங்கக்கா. நீதான் ஒரு மாதிரியா மூஞ்ச வச்சிக்கிட்டுத் திரியிறே” என்றான் முகிலன். ஊருக்குள் புதிதாக நுழைந்தது இந்த இனிப்புத் தண்ணீர் ஒன்றுதான் என்று யோசித்த எழிலரசி, அவன் குடத்திலிருந்ததைத் தொடவில்லை.

அவள் இயந்திரத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். எறும்பு எழுத்தில் ஒரு நுண்ணுயிரின் பெயர் இருந்தது. அரசு அனுமதி எண்ணும் இருந்தது. மறுநாள் காலை கம்பெனியின் முகாம் அலுவலகத்துக்குப் போனாள்.

டாக்டர் மிருணாளினி கம்பெனியின் சுகாதாரப் பிரிவுத் தலைவி. ஐம்பது வயதிருக்கும். எதையும் மறைக்கிற முகமாக இல்லை, அதுதான் எழிலரசிக்கு முதலில் உறுத்தியது.

“அது நல்ல கிருமிம்மா. குடல்ல தங்கும், ஒரு பொருளைச் சுரக்கும். அது நரம்பு வழியா மூளைக்குப் போய், அருவருப்பு பொறக்கிற எடத்தைத் தூங்க வைக்கும். அவ்வளவுதான். தினமும் குடிச்சாத்தான் தங்கும். நிறுத்தினா எட்டு நாள்ல வெளியேறிடும்.”

“எதுக்குங்க மேடம் இப்படிச் செஞ்சீங்க?”

“மொதக் கூட்டத்துல ஒவ்வொரு மொகத்தையும் படம் புடிச்சுப் பாத்தோம். காரணம் சொல்றவங்களுக்குப் பதில் சொல்லிடலாம். ‘சீ’ன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது? அதான்.” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “யாரோட அறிவையும் நாங்க தொடல. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும்.”

“காலு அழுவிப் புழு வச்சுக் கெடக்குறாரு ஒருத்தர். அவருக்கும் எல்லாம் தெரியுதுங்க. எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு மட்டும் தோணல.”

மிருணாளினி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நீங்க காலனிதானே? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சட்டம் போட்டுப் பாத்தாங்க, பாடப் புத்தகத்துல எழுதிப் பாத்தாங்க, மேடை மேடையாப் பேசிப் பாத்தாங்க. எது போச்சு? ரெண்டு மாசத் தண்ணியில அது போயிருக்கு. அவங்க தெருவுல நீங்க முன்வாசல் வழியாப் போறீங்க. நாங்க இதை எதிர்பார்க்கவே இல்ல. இப்ப இதை நிறுத்தணும்னு நீங்களா வந்து கேக்குறீங்க?”

எழிலரசிக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த உமிழ்நீர். எதிரே இருந்தவள் நல்ல சேலை கட்டியிருந்தாள், மேசை பளபளவென்று இருந்தது, அறையில் மல்லிகை மணம். புழுவைப் பார்த்தபோதுகூட இவ்வளவு குமட்டவில்லை. எழுந்து வெளியே வந்து வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

ஆனால் கோதையின் வெள்ளி டம்ளரும் கூடத்துப் பாயும் அவள் கண்ணிலேயே நின்றன. இரண்டு நாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. அந்த இரண்டு நாளைப் பின்னால் அவள் தன்னையே மன்னிக்காமல் நினைத்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் சபாபதி இறந்துபோனார். அதற்கு முன்பே எழிலரசி வரவழைத்த ஆம்புலன்ஸ் இரண்டு முறை வந்து, அவரே வர மறுத்ததால் திரும்பிப் போயிருந்தது.

மகன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று உடலை வைத்திருந்தார்கள். சித்திரை வெயில். ஃப்ரீசர் பெட்டி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் பிற்பகல் எழிலரசி போனபோது தெருமுனையிலேயே நாற்றம் முகத்தில் அறைந்தது. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். உடல் ஊதி, நிறம் மாறி, மூக்கின் வழியே வடிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டார்கள். கோதை தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். உண்மையான அழுகை, நெஞ்சிலிருந்து வருகிற அழுகை. அழுகைக்கு நடுவே வடிந்ததைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைத்தாள்.

பிரசவத்துக்கு வந்திருந்த கோதையின் மகள், ஒரு மாதக் குழந்தையைத் தாத்தாவின் பாயிலேயே கிடத்தியிருந்தாள். பிணத்தின் உதட்டிலிருந்து கிளம்பிய ஈக்கள் குழந்தையின் உதட்டில் போய் உட்கார்ந்தன.

எழிலரசி குழந்தையை வாரி எடுத்தாள். உடம்பு சுட்டது. கீழே துணி பச்சையாக நனைந்திருந்தது.

“ரெண்டு நாளா அப்படித்தான் போவுது” என்றாள் மகள்.

குழந்தையை அவளே ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தாள். மேலத்தெருவில் பதினோரு வீட்டில் வயிற்றுப்போக்கு. அது உண்மை. கெட்ட சோறும் செத்த மீனும் செய்த வேலை. ‘நோய் பரவிய இடம்’ என்ற கட்டத்தில் அவள் பேனா நின்றது. அந்த இயந்திரத்துத் தண்ணீரைப் போல நோய்க்கிருமி இல்லாத தண்ணீர் வட்டாரத்திலேயே கிடையாது என்று அவளுக்குத் தெரியும். கட்டத்தில் இயந்திரத்தின் பெயரை எழுதினாள். காலரா சந்தேகம் என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். இருபது வருட வேலையில் அவள் எழுதிய முதல் பொய்.

காலரா என்ற சொல்லுக்கு அரசாங்கத்தில் தனி மரியாதை உண்டு. மறுநாள் மதியத்துக்குள் சுகாதாரத் துறை வண்டி வந்து இயந்திரத்துக்கு முத்திரை வைத்தது. ஆய்வக முடிவு வரும்வரை பதினாலு நாள் திறக்கக் கூடாது.

முகிலன் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றான். “நீதானே எழுதுனே?”

“ஆமா.” தண்ணீரில் இருந்தது என்ன என்பதையும் அவனிடம் சொன்னாள்.

அவன் நம்பமாட்டான் என்று நினைத்தாள். அவன் நம்பினான். முகம் சுருங்கிப் போனது. “அப்ப அவுங்க திருந்தல.”

“இல்லடா.”

“சரி. திருந்தல. இருந்தாலும் தேர் முடியிற வரைக்கும் விட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு நாளு. அப்பா அந்தத் தேர் போற தெருவுக்கு வெளியில நின்னே செத்துப்போனாருக்கா.”

“பதினெட்டாம் தேதி அவுங்க கையெழுத்துப் போட்டுட்டா ஊரே போயிடும் முகிலா.”

“யாரு ஊரு?” என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

ஐந்தாம் நாள்வரை ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் நாள் காலை, டீக்கடைக்காரர் தன் பால் சட்டியைப் பார்த்து முகம் கோணினார். சாயங்காலம் மேலத்தெருவில் ஒரு வீடு விடாமல் கழுவுகிற சத்தம். ஏழாம் நாள் தெரு முழுக்க ஓங்கரிப்பு. தாங்கள் தின்ற மீன் நினைவுக்கு வந்தவர்கள் சாக்கடையோரம் மண்டியிட்டுக் கிடந்தார்கள். பாய், தலையணை, மெத்தை எல்லாம் கொல்லைகளில் எரிந்தன. கறுப்புக் குட்டையின் நாற்றம் இப்போதுதான் ஊருக்குள் நுழைந்தது போல ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

எட்டாம் நாள் எழிலரசி கோதையைப் பார்க்கப் போனாள். கோதை கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து கையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

“அவரு காலு அப்படிக் கெடந்துச்சு. நான் பாத்துக்கிட்டே சாப்புட்டேன்” என்றாள், நிமிராமல். “பாத்துக்கிட்டே சாப்புட்டேன் எழிலு.”

எழிலரசி எல்லாவற்றையும் சொன்னாள். கிருமி, எட்டு நாள், மிருணாளினி, தன் பொய். கோதை நாரைக் கீழே வைத்தாள்.

பதினெட்டாம் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் கூடிய கூட்டத்தை அல்லிமங்கலம் அதற்கு முன் பார்த்ததில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு மேலத்தெரு வந்தது, காலனி வந்தது, பக்கத்து ஆறு ஊர்களும் வந்தன. கம்பெனி வரிசையில் மிருணாளினி கடைசி நாற்காலியில் இருந்தாள். கோதை இந்த முறை வாளி ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, கம்பெனி தண்ணீரில் கிருமி கலந்ததையும், கணவன் கால் அழுகியதையும், தான் அருகிலேயே உட்கார்ந்து சாப்பிட்டதையும், பிணத்தில் மொய்த்த ஈ பேத்தியின் வாயில் உட்கார்ந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஊர் முன்னால் ஒரு பெண் தன்னைப் பற்றி இப்படியெல்லாம் சொல்ல முடியுமா என்று கலெக்டரே தலைகுனிந்தார்.

“ஒரு மனுஷனுக்குக் கெட்டதைக் கண்டா ஒதுங்கச் சொல்றதுக்குன்னு ஆண்டவன் ஒண்ண உள்ள வச்சிருக்கான். அதையே எடுத்துட்டு வந்து சம்மதம் கேக்குறாங்க இவங்க. வேணாம். எங்க நெலத்துல ஒரு குழாயும் எறங்கக் கூடாது” என்று முடித்தாள்.

எதிர்ப்பை ஏகமனதாகப் பதிவு செய்தார்கள். அனுமதி மறுக்கப் பரிந்துரைப்பதாகக் கலெக்டர் அறிவித்தார். மைதானம் அதிர்ந்தது. மேடையிலிருந்து இறங்கும்போது கோதைக்குக் கால் தடுமாறியது. கீழே நின்ற எழிலரசி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

கோதையின் கை வெடுக்கென்று விலகியது.

அடுப்பில் பட்ட கை தானாக விலகுமே, அப்படி. கோதை தன் கையையே பார்த்தாள். பிறகு எழிலரசியைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூட்டம் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பத்தொன்பதாம் தேதி காலை கோயிலில் புண்ணியாகவாசனம் நடந்தது. இத்தனை நாளாக யார் யாரோ உள்ளே வந்துபோன தீட்டைக் கழிக்க என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ‘நமக்குச் சுயநினைவு இல்லாதபோது எடுத்த முடிவு’ என்று தேரில் காலனி வடம் பிடிப்பதையும் ரத்து செய்தார்கள். டீக்கடையில் காலனிக்காரர்கள் குடித்த கிளாஸ்களை எல்லாம் உடைத்துக் குப்பையில் கொட்டினார்கள். இருபதாம் தேதி தேர் ஓடியது. வாயுவை விரட்டிய மகிழ்ச்சியில் அந்த வருடம் வாணவேடிக்கை இரட்டிப்பு.

மறுநாள் முகிலன் ஒரு மனுவோடு வந்தான். காலனி மக்கள் எழுதியது. குடிநீர் இயந்திரத்தை உடனே திறக்க வேண்டும் என்றும், எரிவாயுத் திட்டத்துக்குத் தாங்கள் ஆதரவு என்றும் அதில் இருந்தது. கீழே அறுபத்து மூன்று கையெழுத்துகள். எல்லாமே அவள் ஊசி போட்ட கைகள்.

“நம்ம யாரும் அந்தத் தண்ணியக் குடிக்க மாட்டோம்க்கா. அவுங்க குடிச்சாப் போதும்” என்றான்.

“வாய்க்கால் செத்துப்போவும்டா. நெல்லு வெளையாது.”

“வெளையிற நெல்லுல நம்ம நெலத்து நெல்லு எது?”

எழிலரசி மனுவை மடித்தாள். யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத குமட்டல். கம்பெனி மேல், வடத்தை இழுத்தவர்கள் மேல், தன் பேனா எழுதிய பொய் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, தம்பி கேட்டதில் இருந்த நியாயத்தின் மேல்.

“மருந்து குடுத்து மயக்கி வச்சாத்தான் நம்மள மனுஷனா நெனைப்பாங்கன்னா, அந்த நெனைப்பு எனக்கு வேணாம்” என்றாள். “நான் போட மாட்டேன். நீ அனுப்புறதுன்னா அனுப்பிக்க.”

“பின்ன என்னதான் செய்யப் போறே?”

அவள் அதற்குப் பதிலாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். புதன்கிழமை, தடுப்பூசி நாள். மேலத்தெருவில் வீடு வீடாகப் போக வேண்டிய நாள். அவள் அந்தத் தெருவின் நடுவில் நின்று கைபேசியில் எல்லாத் தாய்மார்களுக்கும் ஒரே குரல் செய்தி அனுப்பினாள். “இனிமே வீட்டுக்கு வந்து ஊசி போட மாட்டேன். தடுப்பூசி முகாம் காலனி அங்கன்வாடியில. காலையில பத்து மணியிலேர்ந்து இருப்பேன். பிள்ளையத் தூக்கிக்கிட்டு அங்க வாங்க.” முகாமை எந்த இடத்தில் நடத்துவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் செவிலிக்குத்தான். சட்டத்தில் அது உண்டு. இத்தனை வருடம் அவள்தான் பயன்படுத்தவில்லை.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. காலனிப் பிள்ளைகளுக்குப் போட்டு முடித்துவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தட்டம்மைக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் எந்தத் தெரு என்று தெரியாது என்பது மேலத்தெருவுக்கும் தெரியும். என்றாலும் பன்னிரண்டு மணிக்கு அவளுக்கே பயம் வந்தது. பிள்ளைகளை வைத்துச் சூதாடுகிறோமோ என்று எழுந்து பையைக்கூட எடுத்துவிட்டாள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. கோதை, இடுப்பில் பேத்தி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது. குழந்தை இளைத்திருந்தாலும் கண்ணில் உயிர் இருந்தது. கோதை முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால், தெருமுனை வேப்பமரத்தடியில், மேலத்தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பிள்ளைகளோடு நின்று, இவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழிலரசி ஊசியை எடுக்கவில்லை.

“மூக்குலேர்ந்து துணிய எடு கோதை” என்றாள்.

கோதை மெல்ல முந்தானையை இறக்கினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. வந்ததை அவள் விழுங்கினாள். விழுங்கியது எழிலரசிக்கும் தெரிந்தது. காலனிப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்த பாயில், சுவரைப் பிடித்துக்கொண்டு கோதை உட்கார்ந்தாள்.

“எனக்கு இது போவல எழிலு” என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். “நெனைச்சாலும் போவ மாட்டேங்குது.”

“தெரியுது. எனக்கும் உன்னப் பாக்கப் புடிக்கல. காலக் கெட்டியாப் புடிச்சுக்க, குழந்த துள்ளும்.”

ஊசி ஏறியது. குழந்தை வீறிட்டு அழுதது. எழிலரசி பஞ்சை அழுத்திக் கோதையின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். அந்தக் கை ஒரு முறை உதறியது. ஆனால் எடுக்கவில்லை.

எழிலரசி வேப்பமரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அடுத்து யாரு? வரிசையா வாங்க.”